எழுதாத செய்தியின் விலை

‘ரோமன் ஹொலிடே’ என்ற திரைப்படத்தைக் காதல் படம் என்று சொல்வதே வழக்கம். ஒட்ரி ஹெப்பர்னும் கிரகரி பெக்கும் வெஸ்பா ஸ்கூட்டரில் ரோம் நகர வீதிகளில் போகும் காட்சி இன்றைக்கும் கோப்பிக்கடைச் சுவர்களில் தொங்குகிறது. வில்லியம் வைலர் இயக்கி 1953இல் வெளிவந்த அந்தப் படத்தில் காதல் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துப் பார்த்தால் உள்ளே நடப்பது செய்தி வியாபாரம். ஒரு செய்தி எப்படிக் கைக்கு வருகிறது, அதற்கு என்ன விலை பேசப்படுகிறது, கடைசியில் அது ஏன் விற்கப்படாமல் போகிறது என்பதைத்தான் படம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொல்லிக்கொண்டு போகிறது.

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் தமிழ் படிப்பிக்கிறவனுக்கு எழுபது வருடத்துக்கு முந்திய அமெரிக்கப் படத்தோடு என்ன அலுவல் என்று வாசகர் கேட்கலாம். ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ என்ற பாடத்தை எடுக்கும் பிள்ளைகள் எங்களிடமும் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு நிருபராக வேண்டும், மீதிப்பேருக்கு யூடியூப் தொடங்க வேண்டும். ஊடக ஒழுக்கக் கோவையை வாசித்துக் காட்டினால் கொட்டாவி விடுகிறவர்கள் இந்தப் படத்துக்கு வாய்விட்டுச் சிரித்தார்கள், பிறகு அதை வைத்துச் சண்டையும் பிடித்தார்கள். அவர்கள் எழுப்பிய கேள்விகள் சில, நான் வாசித்த விமர்சனங்களைவிடக் கூர்மையாக இருந்தன.

கதை சிறியது. பெயர் சொல்லப்படாத ஐரோப்பிய நாடொன்றின் இளவரசி ஆன், அரசுமுறைப் பயணமாக ரோமுக்கு வருகிறாள். மணித்தியாலக் கணக்குப்படி கைகுலுக்கிக் களைத்துப்போனவள், ஓர் இரவு தூதரகத்திலிருந்து ஒளித்து வெளியேறுகிறாள். வைத்தியர் ஏற்றிவிட்ட தூக்கமருந்து வேலைசெய்ய, வீதியோரத்தில் படுத்துவிடுகிறாள். அவ்வழியால் வரும் ஜோ பிராட்லி ஒரு அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் நிருபன். வீட்டு வாடகை பாக்கி, சட்டைப்பையில் காசில்லை. யாரென்று தெரியாமலே இரக்கப்பட்டு அவளைத் தன் அறைக்குக் கொண்டுபோகிறான். மறுநாள் மேலதிகாரியின் மேசையில் கிடந்த பத்திரிகையில் அவளுடைய படத்தைக் கண்டபிறகுதான், தன் அறையில் தூங்கிக்கொண்டிருப்பது யாரென்று அவனுக்கு விளங்குகிறது. உடனே விலை பேசுகிறான். படங்களோடு கூடிய தனிப்பேட்டிக்கு 5,000 டொலர் என்று முடிவாகிறது. அவனால் அது முடியாது என்று மேலதிகாரி ஹென்னஸி 500 டொலர் பந்தயமும் கட்டுகிறார்.

படத்தின் நகைச்சுவை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஜோ அன்று காலையில் இளவரசியின் பத்திரிகையாளர் சந்திப்புக்குப் போயிருக்க வேண்டும். நித்திரையாகிப் போனதால் போகவில்லை. போகாததை மறைத்து, இளவரசி இன்ன கேள்விக்கு இன்ன பதில் சொன்னாள் என்று மேலதிகாரியிடம் அளந்துகொண்டே போகிறான். ஹென்னஸி பொறுமையாகக் கேட்கிறார், இடையிடையே தூண்டியும் விடுகிறார். பிறகு பத்திரிகையைத் தூக்கிக் காட்டுகிறார். இளவரசிக்குச் சுகமில்லை, சந்திப்பு ரத்து! வகுப்பு முழுவதும் சிரித்த இடம் இது.

சிரித்து முடிந்தபிறகு அந்தக் காட்சியை இன்னொருமுறை வடிவாகப் பார்க்க வேண்டும். நிருபன் சொன்னது பொய். ஆனால் பத்திரிகையில் அச்சாகியிருந்ததும் உண்மையில்லை. இளவரசிக்கு வருத்தம் என்பது, அவள் காணாமல்போனதை மறைக்கத் தூதரகம் கட்டிய கதை. பத்திரிகை அதை நம்பி அப்படியே போட்டிருக்கிறது. பொய்யைப் பிடித்துவிட்டதாக நினைக்கும் ஹென்னஸியின் கையில் இருப்பதும் ஒரு பொய்தான். அந்த அலுவலகத்தில் உண்மை தெரிந்தவர் ஒருவருமில்லை. பிரபலங்களைப் பற்றி நாம் வாசிக்கிற செய்திகளில் பெரும்பகுதி இப்படித்தான் உருவாகிறது. ஒரு பக்கத்தில் அரண்மனையோ சினிமாக் கம்பனியோ தனக்கு வசதியான கதையைக் கொடுக்கிறது. மறுபக்கத்தில் போகாத இடத்துக்குப் போனதாகச் சொல்லும் நிருபன் அந்தக் கதைக்குக் கையும் காலும் வைக்கிறான். வைலர் இதைப் பிரசங்கமாகச் சொல்லவில்லை, ஒரு மேசைக்கு முன்னால் இரண்டு பேரை நிறுத்திச் சிரிக்க வைத்தே சொல்லிவிட்டார்.

இன்னொரு காட்சி, ரோம் நகரத்தில் உள்ள ‘சத்தியவாய்’ என்ற கல்முகத்துக்கு முன்னால் நடப்பது. பொய் சொல்லுகிறவர் அதன் வாய்க்குள் கையை விட்டால் கடித்துவிடும் என்பது ஐதீகம். ஆன் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த பிள்ளையாக நடித்துக்கொண்டிருக்கிறாள். ஜோ தன் தொழிலை மறைத்து வியாபாரியாக நடித்துக்கொண்டிருக்கிறான். அவள் கையை நீட்டிப் பயந்து இழுத்துக்கொள்கிறாள். அவன் கையை விட்டு, கை போய்விட்டதுபோலக் கத்தி அவளைப் பதறவைக்கிறான். இருவரும் பொய்யர்கள்தான், ஆனால் இரண்டு பொய்யும் ஒன்றல்ல. அவளுடைய பொய் அவளுடைய ஒருநாள் விடுதலைக்காகச் சொல்லப்பட்டது, அதனால் இன்னொருவருக்கு நட்டமில்லை. அவனுடைய பொய் அவளையே விற்பதற்கானது. ஐதீகப்படி கடிபட வேண்டிய கை அவனுடையது. அதைச் சட்டைக்கைக்குள் ஒளித்துவிட்டு அவன் சிரிக்கிறான்.

ஸ்கூட்டரால் தெருக்கடைகளை இடித்துத் தள்ளிப் பொலிஸ்வரை போன பிறகு, பத்திரிகைக்காரன் என்று சொன்னால் எதிலிருந்தும் தப்பிவிடலாம் என்ற கருத்தை ஜோ சர்வசாதாரணமாகச் சொல்வான். பலர் அதைக் கவனிப்பதில்லை. செய்தியாளர் அட்டை ஒரு சலுகைச்சீட்டு என்று நினைக்கும் ஆளாகத்தான் அவன் இருக்கிறான். படம் அவனை வெள்ளையடிக்கவில்லை.

கடைசியில் அவன் எழுதவில்லை. ஹென்னஸி வீடு தேடி வந்தபோது, கதை ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறான். பந்தயத்தில் தோற்ற 500 டொலரும் அவன் சம்பளத்தில் பிடிபடப் போகிறது. இந்த இடத்தில்தான் வகுப்பில் ஒரு மாணவி எழும்பினாள்.

“சேர், அவன் அவளில விருப்பப்பட்டபடியாலதானே எழுதேல்ல? அவள் வடிவில்லாத ஒரு கிழவியா இருந்திருந்தா அடுத்த நாளே போட்டிருப்பான்.”

நியாயமான அடி. காதலித்ததால் எழுதவில்லை என்றால் அது நேர்மை ஆகாது, சொந்த நலனின் இன்னொரு முகம்தான். தனக்குப் பிரியமானவரைக் காப்பாற்றுவது எல்லோரும் செய்வது. தனக்கு ஒருவிதத்திலும் சொந்தமில்லாத ஒருவரின் மானத்தைக் காப்பாற்றினானா என்றுதான் ஒரு நிருபனைக் கேட்க வேண்டும். படம் இந்தக் கேள்வியில் விழுந்துவிடுகிறது என்றே நானும் முதலில் எண்ணத் தலைப்பட்டேன். ஆனால் பதில் படத்துக்குள்ளேயே இருக்கிறது. கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிற்கும் தாடிக்காரப் படப்பிடிப்பாளன் இர்விங்தான் அந்தப் பதில்.

எடி அல்பர்ட் நடித்த பாத்திரம் அது. சிகரெட் லைட்டருக்குள் ஒளித்த கமராவால் இளவரசியை நாள் முழுக்கப் படம் எடுத்தவன். 5,000 டொலரில் இருபத்தைந்து வீதம் அவனுக்கு என்று பேச்சு. அதைக் கேட்டதும் வாய்க்கணக்காக 1,500 என்று துள்ளுகிறான். ஜோ அதை 1,250 என்று திருத்துகிறான். கணக்கிலே பிழைவிடுமளவுக்குக் காசு ஆசை! இந்த இர்விங்குக்கு இளவரசியோடு காதலில்லை. ஜோ அவனைத் தடுக்கவும் இல்லை. படங்கள் உன்னுடையவை, விற்பதானால் விற்றுக்கொள், நல்ல விலை வரும் என்று அவன் முடிவுக்கே விட்டுவிடுகிறான். இர்விங் யோசிக்கிறான். மறுநாள் பத்திரிகையாளர் சந்திப்பில் எல்லோருக்கும் முன்னால் அந்தப் படங்களை ஓர் உறையில் போட்டு, ரோம் நகரத்து நினைவுப்பரிசு என்று இளவரசியிடமே கொடுத்துவிடுகிறான்.

என்னுடைய வாசிப்பில் படத்தின் மனச்சாட்சி இர்விங்தான். காதலுக்காகத் துறந்தவனைக் கதாநாயகனாக்கிய படம், காதலில்லாமல் துறந்தவனைச் சிரிப்புக்காரனாக்கி ஓரத்தில் வைத்திருக்கிறது. ஓரத்தில் இருப்பதால் அவனுடைய 1,250 டொலரை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. “நெகட்டிவ் எங்க சேர்? அதையும் குடுத்தவனே?” என்று ஒரு பையன் கேட்டான். படத்தில் அதற்குப் பதில் இல்லை. இளவரசியும் கேட்கவில்லை. உறையைத் திறந்து பார்த்துவிட்டு நன்றி சொல்கிறாள், அவ்வளவுதான். கேட்டிருந்தால் அது பேரமாகியிருக்கும்.

இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: அமானிதம். நம்பி ஒப்படைத்த பொருள் மட்டுமல்ல, நம் கைக்குத் தற்செயலாக வந்துசேர்ந்த ஒருவருடைய இரகசியமும் அமானிதம்தான் என்று ஓதல் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஸூறத்துல் ஹுஜுராத் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. அதே அத்தியாயம், துருவித் துருவி ஆராயாதே, புறம்பேசாதே என்றும் தடுக்கிறது. வள்ளுவரும் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். ஒரு செய்தி பொய்யாக இருந்தால் பிழை என்பது எல்லோருக்கும் தெரியும். உண்மையாகவே இருந்தாலும் அதைப் பரப்புவது பிழையாகலாம் என்பதுதான் நாம் மறந்துபோகிற பாதி. ஜோவின் கையில் இருந்தது முழு உண்மை. அவனுடைய சோதனை அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் எழுதாமல் விடுவதெல்லாம் நேர்மை என்று முடிவுகட்டிவிட முடியாது. அதைக் காட்டுவதற்குத் தமிழில் ஒரு பெரிய கதை இருக்கிறது. அது நகைச்சுவையும் இல்லை, கற்பனையும் இல்லை.

சி. என். லட்சுமிகாந்தன் 1940களில் சென்னையில் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கமே அதன் சரக்கு. பொறுக்கமுடியாமல் எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு முதலானோர் சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டார்கள். பத்திரிகையின் அனுமதி ரத்தானது. லட்சுமிகாந்தன் ஓயவில்லை, ‘இந்து நேசன்’ என்ற இன்னொரு பத்திரிகையைக் கைக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8ஆந் திகதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரை வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். பாகவதரும் கிருஷ்ணனும் நாயுடுவும் கைதானார்கள். நாயுடு விடுபட்டார். மற்ற இருவருக்கும் 1945இல் ஆயுள்தண்டனை. வழக்கு லண்டன் பிரிவுக் கவுன்சில்வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்த நாட்களில் பெரும்பகுதியைப் படத்தின் நாயகன் சிறைக்குள்ளே கழித்தார். வெளியே வந்த பாகவதருக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. கிருஷ்ணனோ தமிழ்ச் சினிமாவின் தலைசிறந்த நகைச்சுவையாளர். அவரையே கொலைக்குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கதை இது. குத்தியவர் யார் என்பது இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

இந்தக் கதையில் என்னை நிறுத்துவது கொலையைவிட அந்தப் பத்திரிகையின் வரவுசெலவு. லட்சுமிகாந்தன் எழுதிச் சம்பாதித்தார், எழுதாமல் இருப்பதற்கும் பணம் வாங்கினார் என்பது அக்காலத்திலிருந்து சொல்லப்பட்டுவரும் குற்றச்சாட்டு. மஞ்சள் பத்திரிகையின் இரண்டாவது வருமானம் எப்போதும் இதுதான். ஆக, ஜோ பிராட்லியும் எழுதவில்லை, பணம் வாங்கிக்கொண்ட மஞ்சள் பத்திரிகைக்காரனும் எழுதவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மௌனம். வேறுபாட்டை அறிய ஒரேயொரு கேள்வி போதும்: அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தது யார்? சென்னையில் விலை கொடுத்தது எழுதப்பட இருந்தவர். ரோமில் விலை கொடுத்தது எழுத இருந்தவர், அதுவும் சம்பளத்திலிருந்து. ‘ரோமன் ஹொலிடே’யில் காசுக்கணக்கு ஏன் இவ்வளவு விவரமாக வருகிறது என்பது எனக்கு இந்த ஒப்பீட்டுக்குப் பிறகுதான் விளங்கியது. 5,000, 500, 1,250, வாடகை பாக்கி எல்லாவற்றையும் படம் முன்கூட்டியே சொல்லிவைப்பதால்தான், இறுதியில் எவ்வளவு கைவிடப்பட்டது என்று பார்வையாளரே கூட்டிப் பார்க்க முடிகிறது.

பெயர்களைப் பாருங்கள். 1882இல் அறிஞர் சித்திலெப்பை தொடங்கிய பத்திரிகைக்கு ‘முஸ்லிம் நேசன்’ என்று பெயர். கல்வி இல்லாமல் பின்தங்கிக் கிடந்த சமூகத்தைத் தட்டி எழுப்ப வந்த பத்திரிகை அது. அறுபது வருடங்களுக்குப் பிறகு சென்னையிலும் ஒரு ‘நேசன்’. நேசன் என்ற சொல்லைத் தலைப்பில் வைப்பதற்குக் காசு செலவாவதில்லை. உள்ளே யாருடைய கதை யாருக்காக அச்சாகிறது என்பதில்தான் நேசம் தெரியும்.

லட்சுமிகாந்தன் போன இருபத்தொரு வருடங்களுக்குப் பிறகு தமிழ்ச் சினிமா இதே விசயத்தைக் கையில் எடுத்தது. கே. சங்கர் இயக்கிய ‘சந்திரோதயம்’ (1966) படத்தில் எம். ஜி. ஆர். ஒரு பத்திரிகையாளர். வீட்டைவிட்டு வெளியேறிய பணக்கார வீட்டுப் பெண்ணாக ஜெயலலிதா. பரபரப்புச் செய்தியை விற்றுப் பிழைக்கும் பத்திரிகை முதலாளியாக எம். ஆர். ராதா. அந்தப் பத்திரிகையின் பெயரே ‘தினக்கவர்ச்சி’! ராதாவின் அந்தத் தொண்டையும் இழுவையும் சேர்ந்தால் முதலாளியின் அயோக்கியத்தனம்கூடச் சிரிப்பாகிவிடும். இந்தப் பாத்திரத்துக்காகவே படத்தை ஒருமுறை பார்க்கலாம்.

ஆனால் விமர்சனக் கண்ணோடு பார்த்தால் ‘சந்திரோதயம்’ ஒரு வசதியான ஏற்பாட்டைச் செய்துகொள்கிறது. ஆசை முழுவதும் முதலாளிக்கு, நேர்மை முழுவதும் நிருபனுக்கு. எம். ஜி. ஆர். பாத்திரம் தொடக்கத்திலேயே சுத்தம். அவருக்குச் சோதனை வருகிறது, சபலம் வருவதில்லை. முதலாளியை மடக்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது. ‘ரோமன் ஹொலிடே’யில் ஹென்னஸி கெட்டவரே இல்லை. முசுடு, அவ்வளவுதான். விற்கத் துடித்தவன் நிருபன்தான், ஆசையும் நேர்மையும் ஒரே ஆளின் சட்டைக்குள் கிடந்து மல்லுக்கட்டுகின்றன. நல்லவன் வென்றான் என்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தானே அந்த 5,000 டொலருக்குக் கை நீட்டியிருப்பேனோ என்று யோசித்துக்கொண்டு போகவேண்டி வந்தால் அந்தப் படம் இன்னும் கொஞ்சத்தூரம் கூடவே வரும். எங்கள் பிள்ளைகளுக்கு எம். ஜி. ஆர். வேண்டும்தான். ஆனால் நிருபராகப் போகிறவனுக்கு உதவுவது ஜோதான்.

படத்தின் பின்னணியையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுமையாகாது. மூலக்கதையை எழுதியவர் டால்டன் ட்ரம்போ. கம்யூனிஸ்டு என்று விசாரிக்கப்பட்டு, அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் பதில் சொல்ல மறுத்ததற்காக 1950இல் சிறை சென்ற ‘ஹொலிவூட் பத்துப்பேரில்’ ஒருவர். கறுப்புப் பட்டியலில் இருந்ததால் அவருடைய பெயரைப் போட முடியாது. நண்பர் இயன் மெக்லெலன் ஹன்ரரின் பெயரில் கதை போயிற்று. கதைக்கான ஒஸ்கார் விருதும் 1954இல் ஹன்ரருக்கே போயிற்று. ட்ரம்போ 1976இல் இறந்தார். 1993இல்தான் அந்த விருது அவர் பெயருக்கு வந்தது. திரைக்கதைக்கான பெயரைச் சங்கம் மீட்டுக்கொடுத்தது 2011இல்.

அந்தக் கறுப்புப் பட்டியலை ஊதி வளர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் ஹெடா ஹொப்பர் என்ற சினிமாக் கிசுகிசு எழுத்தாளர். பிரபலங்களை வைத்து எழுதிப் பெருத்தவர். தன் மாளிகையை ‘அச்சம் கட்டிய வீடு’ என்று அவரே அழைத்ததாகச் சொல்வார்கள். நட்சத்திரங்களின் படுக்கையறைக் கதை எழுதுகிற பேனாவுக்கு, ஒருவருடைய அரசியலைக் காட்டிக்கொடுத்து அவருடைய பிழைப்பைப் பறிக்க அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் தன் பெயரை ஒளித்து வாழ்ந்த ஒருவர், பெயரை ஒளித்த ஓர் இளவரசியையும் அவளைக் காட்டிக்கொடுக்காத ஒரு நிருபனையும் கற்பனை செய்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு வேண்டுகோள் இருப்பது தெரியும். இதே 1953 ஜூனில்தான், முடிசூட்டு விழாவன்று பிரித்தானிய இளவரசி மார்கரெட் ஒரு படை அதிகாரியின் மேலங்கியிலிருந்த தூசைத் தட்டிவிட்டதை ஒரு நிருபர் கண்டு, அது உலகச் செய்தியானது. 1997 ஓகஸ்ட் 31இல் டயானா, படப்பிடிப்பாளர்கள் துரத்திவர, பாரிஸ் சுரங்கப் பாதையில் விபத்துக்குள்ளாகி உயிர்விட்டார். இர்விங்கின் லைட்டர் கமரா அவ்வளவுதூரம் வளர்ந்துவிட்டது.

படத்தின் ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். ஆன் ஒரு குற்றமும் செய்யாத பிள்ளை. ஒரு நாள் தலைமுடி வெட்டினாள், ஐஸ்கிறீம் சாப்பிட்டாள், ஆடினாள். இதை மறைப்பது இலேசு. அவள் நாட்டுக் கருவூலத்தில் கைவைத்திருந்தால் என்ன செய்வது? அப்போதும் ஜோ வாயை மூடியிருந்தால் அவன் கள்ளனுக்குத் துணைபோனவன். ஒருவருடைய அதிகாரத்தைப் பற்றிய செய்தி மக்களுடைய சொத்து, ஒருவருடைய அந்தரங்கம் அவருடைய சொத்து. நம்முடைய ஊடகங்களில் பல இதைத் தலைகீழாகப் பிடித்திருக்கின்றன. கொந்தராத்தில் அடித்த காசைப் பற்றி ஒரு வரியும் வராது. அதே ஆளின் மகள் யாரோடு போனாள் என்பது முதல் பக்கம். இந்த இடத்தில் மௌனமும் சத்தமும் இரண்டுமே விற்பனைக்கு இருக்கின்றன. படம் இந்தக் கடினமான பக்கத்துக்குள் போகவில்லை. நகைச்சுவையாக நிற்பதற்கு அது கொடுத்த விலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இளவரசியும் நடிகர்களும் நமக்குத் தூரம். இப்போது யாழ்ப்பாணத்தில் யார் பிரபலம்? கமராவுக்கு முன்னால் வந்தவர் எல்லோரும்தான். கைத்தொலைபேசியோடு ஒரு பொடியன் ஓலைக்கொட்டிலுக்குள் போகிறான். புருஷனை இழந்த பெண்ணிடம், நேற்று என்ன சமைத்தீர்கள் அக்கா என்று கேட்கிறான். அவள் அழும்வரை கேட்கிறான். லண்டனிலும் கனடாவிலும் பார்க்கிறவர்கள் மனமிரங்கிக் காசு அனுப்புகிறார்கள். கூரைக்குத் தகரம் வருகிறது, பிள்ளைக்குச் சைக்கிள் வருகிறது. நன்மை நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் பல்லாயிரம் பேர் பார்க்கக் கிடக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்தால் சக பிள்ளைகள் அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டுகிறார்கள். யார் விலை கொடுத்தது என்ற அதே கேள்வியை இங்கேயும் வைத்துப் பாருங்கள். பார்த்தவர் கொடுத்தது காசு. எடுத்தவருக்குக் கிடைத்தது பெயர். முகத்தைக் கொடுத்தவள் அவள்தான்.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்தபோது கமராக்களோடு பலர் வந்தார்கள். கமரா தெரிந்ததும் எங்கள் உம்மாமார் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தப் படங்கள் எடுக்கப்படாமல் விட்டிருந்தால் எங்களுக்கு நடந்ததை உலகம் அறிந்திராது என்பதும் எனக்குத் தெரியும். ஆகையால் எடுக்காதே என்று என்னால் சொல்ல முடியாது. வந்தவர்களில் சிலர், எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுத்தார்கள். சிலர் கேட்கவேயில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கும் அந்த வித்தியாசம் விளங்கியது.

புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். அளவறிந்து இறைக்கும்வரை தோட்டத்துக்கு நல்லது, மிதமிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும் என்பது இந்த மண்ணில் புகையிலையும் வெங்காயமும் வைத்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனிதருடைய துயரத்தை இறைத்துச் செய்தியாக்குகிறவர்களுக்கும் அந்த அளவு தெரிந்திருக்க வேண்டும்.

‘ரோமன் ஹொலிடே’யின் கடைசிக் காட்சி புகழ்பெற்றது. எல்லோரும் போனபிறகு ஜோ அந்தப் பெரிய மண்டபத்தில் தனியே நடந்து வருகிறான். பரிசில்லை, பாராட்டில்லை, அவள் திரும்பி வரவுமில்லை. விமர்சகர்கள் இதைக் காதலின் சோகம் என்று எழுதுவார்கள். எனக்கு அந்தக் காட்சியில் தோன்றாத ஒருவரைப் பற்றித்தான் யோசனை ஓடுகிறது. படம் முழுக்க நிருபன் வருகிறான், படப்பிடிப்பாளன் வருகிறான், மேலதிகாரி வருகிறார். 5,000 டொலரை உண்மையில் கட்டப்போகிற வாசகர் மட்டும் வரவேயில்லை. மறுநாள் காலையில் பத்திரிகையை வாங்கிப் பிரித்த அந்த வாசகருக்கு, இளவரசிக்குச் சுகமாகிவிட்டது, பத்திரிகையாளர்களைச் சந்தித்தார் என்ற இரண்டு வரிச் செய்தி கிடைத்திருக்கும். வாசித்துவிட்டு, கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார். அவருக்கு அதனால் ஒரு நட்டமும் வரவில்லை.